நாற்பது வளையமும் காயாத சந்தனமும்

சந்தனம் இன்னும் காயவில்லை. அலையை அளக்கும் ஸ்கோப்பின் திரை ஆறரைக் கட்டம் காட்டுகிறது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எட்டிப் பார்த்தபோதும் ஆறரைதான். எழுந்து போய்ப் பார்ப்பதும் வந்து உட்கார்வதுமாக இருக்கிறேன். நீ இருந்திருந்தால், "ஏம் புள்ள, அடுப்புல பால வெச்சவளாட்டம் பறக்கற?" என்று கேட்டிருப்பாய். நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் பன்னீரில் குழைத்த இந்தச் சந்தன வாசனையில், நீ பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நகம் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரியே இருக்கிறது. பேப்பர் கிடைக்கவில்லை. மாடல் பரீட்சையில் மிஞ்சிய விடைத்தாளில்தான் உனக்கு எழுதுகிறேன்.

நேற்று ஆயுத பூஜை. நம் ஊர் ஆயுத பூஜையை உனக்கு விவரிக்க வேண்டியதில்லை. போர்க்குழி தோண்டும் ரிக் வண்டிகளெல்லாம் திருச்செங்கோடு திரும்பி, குளித்து, வாழைக்கன்று கட்டிக்கொண்டு ரோட்டோரம் மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன. நம் லேபிலும் பிள்ளைகள் கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டர், சால்டரிங் அயர்ன், சுவிட்ச் போர்டு, என்னுடைய சாப்பாட்டுக் கூடை வரைக்கும். அப்போது நம் லேப் உதவியாளர், எதைச் சொன்னாலும் 'மேடமுங்க' என்று ஆரம்பிக்கிறவர், பரணிலிருந்து செப்பு வளையங்கள் நட்ட ஒரு நீளப் பலகையை இறக்கித் தூசி தட்டினார். உன்னுடைய பலகை. என்னுடையதும்தான்.

"மேடமுங்க, இதுக்கும் பொட்டு வெச்சரட்டுங்களா? அந்த மேடம் இருந்தப்ப ஒன்னு உடாம வெப்பாங்க."

சொல்லிக்கொண்டே விரலைக் கிண்ணத்தில் தோய்த்து, முதல் வளையத்தின் உச்சியில் ஒற்றினார். உச்சியில்தான் அந்த வெட்டு இருக்கிறது. சந்தனம் வெட்டுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். ஆறு வருஷமாக எனக்குப் பிடிபடாதது அந்த ஒரு நொடியில் பிடிபட்டது.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் பொரியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பயந்துபோய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு நானே, "இல்லைங்க, வைங்க. நாற்பதுக்கும் வைங்க. அந்த மேடம் வெச்ச மாதிரியே வைங்க" என்றேன். இந்த மேடத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

நேற்றே அளந்துவிடத்தான் சுவிட்சுக்குக் கை போனது. அவர் விடவில்லை. "இன்னைக்கு எதையும் எடுக்கப்படாதுங்க மேடம். நாளைக்குக் காத்தால வந்து மறுபூசை போட்டுத் தாரேன். அப்பறம் எடுத்துக்குங்க." ஒரு ராத்திரி முழுக்க சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் புரண்டு படுத்துவிட்டு, இன்று விஜயதசமிக் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். சொன்னபடி அவரும் வந்து, சந்தனத்தைப் புதிதாக வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். காலேஜ் லீவு. நானும் பலகையும்தான் இருக்கிறோம். வைத்தவுடன் அளந்தபோது திரையில் ஏழு கட்டம்.

ஆமாம், ஏழு. அதே ஏழு.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப் போகிறேன். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்குப் புரியும் என்று நீதானே கேலி செய்வாய். ஏசி வேலைக்கு வரும் செப்புக் குழாயை வாங்கி, ரிக் பட்டறை லேத்தில் நாற்பது துண்டாக அறுத்து, ஒவ்வொரு வளையத்திலும் தாள் நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டுப் போட்டு வாங்கினோம். பட்டறைக்காரர், "இது எந்த போருக்குங்க?" என்று கேட்டார். "தண்ணி வராத போருக்குங்கண்ணா" என்று நீ முகத்தை மாற்றாமல் சொன்னாய். ஒன்றையொன்று தொடாமல், வெட்டு மேலே பார்த்தபடி, வளையங்களைப் பலகையில் வரிசையாக நட்டோம். முதல் வளையத்தில் மின்சாரத்தை ஆட்டிவிட்டால் அதன் காந்தம் அடுத்ததை ஆட்டும். அது அதற்கடுத்ததை. கம்பியே இல்லாமல் அலை கடைசி வளையம் வரை போய்ச் சேரும். தளம் போடும்போது சாந்துச் சட்டி கை மாறுகிற மாதிரிதான். ஒவ்வொருவரும் வாங்க வேண்டும், திரும்ப வேண்டும், கொடுக்க வேண்டும். அதனால்தான் அலை மெதுவாகப் போகிறது. அந்த மெதுவுக்காகத்தான் உலகத்தில் பல பேர் இதன் பின்னால் அலைகிறார்கள். அலையைத் தாமதப்படுத்தினால் கையளவு இடத்தில் அதை நிறுத்தி வைத்து வேலை வாங்கலாம்.

ஒவ்வொரு வளையத்துக்கும் தனக்கென்று ஒரு சுருதி உண்டு. அதை முடிவு செய்வதில் அந்த வெட்டுக்குப் பெரிய பங்கு. சுருதிக்கு ஒத்த அலையை அனுப்பினால் வளையங்கள் சட்டியை மளமளவென்று கை மாற்றும். கொஞ்சம் ஒதுங்கிய அலையை அனுப்பினால் வேண்டா வெறுப்பாகத்தான் மாற்றும். இன்னும் ஒதுங்கினால் வாங்கவே வாங்காது. நாம் நடுவாகப் பார்த்து அலையை வைத்திருந்தோம். பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அது போய்ச் சேரும் நேரம் திரையில் நாலு கட்டம். ஆவணி, புரட்டாசி என்று எத்தனை முறை அளந்தோம்? எப்போதும் நாலு.

கொஞ்சம் இரு. பார்த்துவிட்டு வருகிறேன்.

ஆறு. ஓரங்களில் சந்தனம் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. ஃபேனைப் போட்டால் சீக்கிரம் காயும் என்று சுவிட்ச் வரைக்கும் போய்விட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். இன்றைக்கு நான் எதையும் அவசரப்படுத்தக் கூடாது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்த விஜயதசமி உனக்கு நினைவிருக்கும். நீ ஜேடர்பாளையத்திலிருந்து தலையில் கதம்பத்தோடு வந்து, மறுபூஜை போட்டு, நாற்பது வளையத்துக்கும் ஒரே அளவாகப் பொட்டு வைத்தாய். உன் விரலில் அப்படி ஒரு நிதானம். வைத்து முடித்ததும் நான் ஸ்கோப்பைப் போடப் போனேன்.

"காயட்டும் புள்ள. அப்பறம் அளந்துக்கலாம்."

"விஜயதசமி அன்னைக்கு உடனே வேலையைத் தொடங்கணும்னு நீதானே சொன்னே?"

"தொடங்கறதுன்னா ஒருக்கா தொட்டுக் கும்புடறது. அஸ்தம்பட்டிக்காரிக்கு எப்பப் பாரு ஏக்காட்டு பஸ் போயிருமின்னு பயம்."

நான் கேட்கவில்லை. போட்டேன். திரையில் ஏழு கட்டம். நான் குதித்த குதியில் ஸ்டூல் சாய்ந்தது. சரஸ்வதியே வந்து உட்கார்ந்துவிட்டாள் என்றேன். நீ மட்டும் திரையை உற்றுப் பார்த்து, "தாமசமா வருது, செரி. ஆனா சோந்து போயில்ல வருது?" என்றாய். உண்மைதான். அலை பாதியாக இளைத்திருந்தது. ஈரம் அதைக் குடித்திருக்கிறது என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு, அவ்வளவு மெதுவாக நடந்தால் களைப்பு இருக்காதா என்று நான் கேலி பேசினேன்.

சந்தனத்தின் ஈரம் வெட்டுக்குள் இறங்கி நாற்பது வளையத்தின் சுருதியையும் ஒரே அளவாக இறக்கிவிட்டது. நாம் அனுப்பிய அலையோ மாறவில்லை. அதனால் அது ஓரத்துக்கு ஒதுங்கிப்போய் வேண்டா வெறுப்பாகக் கை மாறியது. சமாச்சாரம் இவ்வளவுதான். பொட்டு வைக்கத் தோதான உச்சியாகப் பார்த்து நாம் வெட்டை வைத்திருந்தோம். வேறு எந்த ஊரில், எந்த லேபில் இப்படி ஒரு தப்பு நடக்கும்? சிரிப்பு வருகிறது.

அன்று சாயங்காலமே, நாற்பது வளையத்தில் ஏழு கட்டத் தாமதம் என்று கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டேன். "இன்னொருக்கா பாத்துட்டு அனுப்பலாமுல்ல" என்று நீ சொன்னாய். கடைசி நாள் நெருங்குகிறது என்றேன். அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. உனக்கும் அது தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? அணைக்கட்டுப் பக்கம் மீன் வறுவல் வாங்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்தோம். ஷட்டரைத் தூக்கினால் உங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "அது வாய்க்கா எந்த நெலமைல கெடக்குதுன்னு பாத்துத்தான் சொல்லோணும். செடி மொளச்சுக் கெடந்தா ஒரு கணக்கு, தூர் வாரியிருந்தா ஒரு கணக்கு" என்றாய். மீனில் முள் இருக்கிறது என்று நான் சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். நேரத்தை மட்டும் அளந்தவள் நான். வாய்க்காலைப் பார்க்கச் சொன்னவள் நீ.

ஐந்தரை.

கார்த்திகையில் நீ வளையங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டு, திரும்ப அளந்தாய். என் மேஜைக்கு வந்து நின்றாய். "நாலுதான் வருது புள்ள. மூணு நாளாப் பாத்துட்டேன்."

இதை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும். நான் உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "புளி போட்டுத் தேய்ச்சு வெட்டைக் கெடுத்திருப்பே. உன் கைதான் சரியில்லை" என்றேன். அவ்வளவு நிதானமான கையைப் பார்த்து! கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "செரி உடு. லீவு உட்டதும் ரெண்டு பேரும் சேந்து அளக்கலாம்" என்றாய். மார்கழியில் ஒரு வாரக் காய்ச்சல். சேலம் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோதும் அதையேதான் சொன்னாய். "மறுபடி அளக்கோணும் புள்ள." முதலில் ஜுரம் விடட்டும் என்றேன். ஜுரம் விடவில்லை.

தை மாதம் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. ஒரு வரி எழுதி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உன் பெயர் அதில் இருக்கிறது, உனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் வீட்டுக்காரர் முதல் பக்கத்தை ஃபிரேம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு சொல்லும் தைரியம் இன்னும் குறைந்துபோயிற்று. எனக்குப் பதவி உயர்வும் வந்தது. மறைப்பானேன், அதுவும் ஒரு காரணம்.

இதோடு முடிந்திருந்தால் என்னை நானே திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். போன சித்திரையில் ஒரு மெயில் வந்தது. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். ஆராய்ச்சி மாணவி, கைக்குழந்தைக்காரி. நம் கட்டுரையை நம்பி அதே மாதிரி நாற்பது வளையம் செய்திருக்கிறாள். ஏழு வரவில்லை, அளந்த விதத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? 'அளவுகளை எடுத்தவர் தற்போது உயிருடன் இல்லை. அவருடைய குறிப்புகள் என்னிடம் இல்லை.'

அளந்தவள் நான். குறிப்பு நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. பேச முடியாதவள் தலையில் பழியைப் போட்டுவிட்டு அன்றைக்கு டீ குடிக்கப் போனேன். என்னை மன்னி என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

போன வாரம் அவள் போனிலேயே கூப்பிட்டாள். "மேடம், ரெண்டு வருஷமா செஞ்சு செஞ்சு பாத்துட்டேன். நாலுக்கு மேல வரவே மாட்டேங்குது. உனக்குக் கை சரியில்ல, விட்டுடுன்னு எங்க கைடு சொல்லிட்டார். தீபாவளிக்குள்ள முடிவு சொல்லணும். நான் என்ன தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்க மேடம்."

கை சரியில்லை. அதே வார்த்தை. பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸில் இரண்டு நாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன். ஏழு தப்பு என்று அவளிடம் சொல்லலாம். எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்கான பதில் நேற்றைக்குச் சந்தனக் கிண்ணத்திலிருந்து வந்தது.

நாலேமுக்கால். பொட்டெல்லாம் வெளுத்துவிட்டது. இரண்டு மூன்றில் வெடிப்பு விட்டிருக்கிறது. இளைத்திருந்த அலையும் மெல்ல நிமிர்கிறது.

இந்த இடைவெளியில் உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். கரும்புக் காட்டில் இருந்தார். சந்தனம், வெட்டு, ஏழு, நாலு என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதப் போகிறேன், உன் பெயரும் அதோடு போய்விடும் என்றேன். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஏனுங்க அம்முணி, அப்ப அந்தப் படத்தக் கழட்டிரோணுங்களா?"

"தெரியலைங்கண்ணா" என்றேன்.

"அவ கார்த்திகை மாசமே சொன்னாளுங்க. கணக்கு எங்கியோ தப்பிப் போச்சு, சொன்னா உங்க மனசு சங்கட்டப்படும், மெதுவாச் சொல்றேன்னு. என்னமோ வேலைப் பேச்சுன்னு நானும் உட்டுட்டேன். தப்புன்னு தெரிஞ்சப்பறம் சொவத்துல என்னத்துக்குங்க? கழட்டிப் பொட்டிக்குள்ள வெச்சுக்கறேன். செரியா அளந்து நீங்க ஒன்னு எழுதுங்க. அத மாட்டிக்கலாம்."

என் மனசு சங்கடப்படும் என்று நீ கார்த்திகை முழுக்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். உனக்கு இருந்தது ஒரு மாதம்தான்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவே போவதில்லை. அன்றைக்குக் காயட்டும் என்றாயே, கை பிசுபிசுக்கும் என்பதற்காகச் சொன்னாயா, வெட்டில் ஈரம் இருக்கிறது என்பதற்காகச் சொன்னாயா? காலையிலிருந்து அதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். எதற்காகச் சொல்லியிருந்தாலும் நான் பொறுத்திருக்கலாம். ஒரு காலை நேரம், அவ்வளவுதான் ஆகியிருக்கும். இதோ, இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேனே.

நாலு.

மூன்று முறை பார்த்துவிட்டேன். நாலுதான்.

ஆத்தூர்ப் பெண்ணைக் கூப்பிட்டேன். "நீ ஒரு தப்பும் பண்ணலைம்மா. நாலுதான் சரி. தப்பு பண்ணினது நான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சித்திரையில் எழுதின பதில் பொய் என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அவள், "சந்தனமா மேடம்?" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று பிரிக்க முடியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். அவள் கேட்டது வேறு.

"அப்ப என் கை சரியாத்தான் இருக்கா மேடம்?"

சரியாக இருக்கிறது, உன் கைடிடம் நானே பேசுகிறேன், எழுத்திலும் தருகிறேன் என்றேன். அதைச் சொல்லும்போது, மேஜைக்கு முன்னால் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்ற உனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். உனக்குக் கேட்டிருக்காது. தெரிந்தேதான் சொன்னேன்.

பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டேன். காலை ஏழு கட்டம் முதல் இப்போதைய நாலு கட்டம் வரை எடுத்த அளவுகளையும் சேர்த்திருக்கிறேன். இங்கிலீஷில் சந்தனத்துக்கும் விஜயதசமிக்கும் விளக்கம் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உன்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதினேன். 'காயும் வரை பொறுக்கச் சொன்னவர் அவர், பொறுக்காதவள் நான்.'

இன்னும் அனுப்பவில்லை. பயந்துகொண்டு இல்லை. எழுதி முடித்ததும் விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது, ஏற்காட்டு பஸ் போய்விடும் என்கிற மாதிரி. ஆறு வருஷமாக அவசரமாக எதைத் தொடப் போனாலும் உன் குரல் கேட்கிறது. ஒருநாளும் நான் நின்றதில்லை. இன்று கையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று பக்கத்தையும் வரி வரியாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு எண்ணை அவசரத்தில் தப்பாகப் போட்டிருந்தேன். திருத்தினேன். திரும்ப முதல் வரியிலிருந்து படித்தேன்.

இப்போது அனுப்பலாமா புள்ள?